ஃபயர் பம்புக்கு ஜெனரேட்டர் லைன்: 800 ஆம்ப் பிரேக்கரா, 350 ஆம்ப் பிரேக்கரா?

கேள்வி, ஜனவரி 9

"100 எச்பி, 460 வோல்ட், மூன்று ஃபேஸ் ஃபயர் பம்ப். கூடவே குழாயில் அழுத்தம் குறையாமல் காக்கும் 2 எச்பி ஜாக்கி பம்ப். மெயின் சப்ளை பக்கம் 800 ஆம்ப் பிரேக்கர் போட்டாயிற்று. ஜெனரேட்டரிலிருந்து டிரான்ஸ்ஃபர் சுவிட்சுக்கு (மெயினையும் ஜெனரேட்டரையும் மாற்றிக் கொடுக்கும் சுவிட்ச்) வரும் லைனுக்கும் அதே 800தான் வேண்டும் என்பது என் கட்சி. ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் 350 ஆம்ப் பிரேக்கர் பொருத்தி அனுப்பியிருக்கிறார், மாற்ற மாட்டேன் என்கிறார். கேபிள் இரண்டு பக்கமும் 2/0 (அமெரிக்கக் கம்பி அளவு) செம்பு. அமெரிக்க விதிப்படி யார் சொல்வது சரி?"

ஜனவரி 9, இரவு

நீங்கள் சொல்வதுதான் சரி. ஃபயர் பம்ப் மோட்டாரை மற்ற மோட்டார்களைப்போல் காப்பாற்ற நினைக்கக் கூடாது. கட்டடம் எரிகிறபோது மோட்டார் கருகினாலும் பரவாயில்லை, கருகும்வரை தண்ணீர் தள்ளட்டும் என்பதுதான் அடிப்படை. அதனால்தான் பிரேக்கர் லாக்டு ரோட்டர் கரண்டை, அதாவது தண்டு சுழலாமல் சிக்கி நிற்கும்போது மோட்டார் இழுக்கும் கரண்டை, எவ்வளவு நேரமானாலும் தாங்க வேண்டும் என்கிறது விதி. 100 எச்பி, 460 வோல்ட்டுக்கு அட்டவணையில் அது 725 ஆம்ப். ஜாக்கி பம்ப் வழக்கமாக ஓடும்போது இழுப்பது 3.4. கூட்டினால் 728.4. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 800. மெயின் சப்ளையானாலும் ஜெனரேட்டரானாலும் மோட்டார் அதே மோட்டார்தானே. 350-ஐக் கழற்றச் சொல்லுங்கள்.

ஜனவரி 10, காலை

நேற்று எழுதியது தவறு. 350-ஐக் கழற்ற வேண்டாம்.

படுக்கப் போன பிறகும் மனம் ஒப்பவில்லை. எழுந்து என்இசி (அமெரிக்க மின் விதித்தொகுப்பு) 695.4-ஐ மறுபடி வரிவரியாகப் படித்தேன். லாக்டு ரோட்டர் கரண்டை வரம்பின்றித் தாங்க வேண்டும் என்ற வரி மெயின் சப்ளை பக்கத்துக்கு. கட்டடத்திலேயே நிற்கும் ஸ்டாண்ட்பை ஜெனரேட்டருக்குத் தனி வரி இருக்கிறது: ஜெனரேட்டருக்கும் பம்ப் கண்ட்ரோலருக்கும் (பம்பை ஸ்டார்ட் செய்யும் பெட்டி) இடையிலுள்ள பிரேக்கர், பம்ப் அறையின் முழு லோடும் ஒரே கணத்தில் ஏறினால் விழக் கூடாது, அதாவது தானாகத் துண்டிக்கக் கூடாது, ஆனால் அதே தொகுப்பின் 430.62-இன் கணக்கு தரும் அளவுக்கு மேலும் போகக் கூடாது. ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புக்கு மட்டும்.

கணக்கு இது. 100 எச்பி மோட்டாரின் முழு லோடு கரண்ட் 124 ஆம்ப். சாதாரண பிரேக்கருக்கு 250 சதவீதம் வைத்தால் 310, அடுத்த அளவு 350. ஜாக்கி பம்பின் 3.4-ஐச் சேர்த்தால் 353.4. இங்கே மேல்நோக்கி அடுத்த அளவுக்குப் போக முடியாது. ஆகவே 350. ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

ஜனவரி 10, மதியம்

"மோட்டார் ஒன்றே, பிறகு ஏன் இரண்டு அளவு?" என்று கீழே கேட்டிருக்கிறார்கள். எனக்குப் புரிந்த காரணத்தைச் சொல்கிறேன்.

மெயின் சப்ளைக்குப் பின்னால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. லைனில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும். 800 ஆம்ப் பிரேக்கர் கண் இமைக்கும் முன் விழும். ஜெனரேட்டரால் அப்படிக் கொட்ட முடியாது. 480 வோல்ட், 300 கேவிஏ ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழுக் கரண்ட் ஏறக்குறைய 361 ஆம்ப். ஷார்ட் ஆன முதல் சில சைக்கிள்களுக்கு அதிகம் தரும். அதற்குப் பிறகு, நல்ல எக்ஸைட்டேஷன் (காந்தப்புலத்தை ஊட்டும் ஏற்பாடு) உள்ள இயந்திரமாக இருந்தாலும், மூன்று மடங்கு அளவில்தான் நிலைக்கும். 1,080 ஆம்ப் சுமார். 800 ஆம்ப் பிரேக்கருக்கு 1,080 ஷார்ட்டாகவே தெரியாது, லேசான ஓவர்லோடாகத் தெரியும். நிமிடக்கணக்கில் சும்மா இருக்கும். அதற்குள் ஆல்டர்னேட்டர் (ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) வைண்டிங் போய்விடும். 350 ஆம்ப் பிரேக்கருக்கு அதே கரண்ட் மூன்று மடங்கு, அது விழும்.

சரி, 725 ஆம்ப் ஸ்டார்ட்டிங் கரண்டில் 350 விழாதா? இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். வெப்பத்தால் விழும் வகைப் பிரேக்கர் அந்த அளவில் சட்டென்று விழாது. பம்ப் கண்ட்ரோலருக்குள் இருக்கும் பிரேக்கர் லாக்டு ரோட்டர் கரண்டில் 8 முதல் 20 விநாடிக்குள் விழும்படி செய்யப்பட்டது. அதற்கு மேலே ஜெனரேட்டர் பக்கம் இருக்கும் 350 அதற்குப் பிறகுதான் விழ வேண்டும். எந்தக் கரண்டில் எத்தனை நேரத்தில் விழும் என்று காட்டும் இரண்டின் வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். பெரிய கரண்டில் உடனே விழவைக்கும் காந்த ட்ரிப்புக்குத் திருகு இருந்தால் உயர்த்தி வையுங்கள். மோட்டார் எழும் முதல் அரை சைக்கிளில் வரும் உச்சம் 725-ஐவிட மிக அதிகம், பலர் அதில்தான் மாட்டுகிறார்கள்.

ஜனவரி 11

"175 ஆம்ப் தாங்கும் 2/0 கேபிளை 800 ஆம்ப் பிரேக்கரில் கட்டுவது குற்றம் இல்லையா?"

வேறெங்கும் குற்றம். இங்கே இல்லை. கேபிளின் அளவு மோட்டாரின் முழு லோடு கரண்டில் 125 சதவீதம்: 124-க்கு 155, ஜாக்கிக்கு 4.25, மொத்தம் 159.25. 1/0 செம்பு 150 ஆம்ப், போதாது, 2/0 சரி. அந்தக் கேபிளுக்கு ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு மட்டுமே உண்டு, ஓவர்லோடு பாதுகாப்பு கிடையாது. கேபிளையும் பலிகொடுக்கத் துணிந்த விதி இது. கிரவுண்ட் ஃபால்ட் ட்ரிப்பும் (கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஏற்பாடு) பம்ப் சர்க்யூட்டில் எங்கும் கூடாது.

இந்தக் கடைசி வரியை ஜெனரேட்டர் பக்கம் கவனியுங்கள். பெரிய ஜெனரேட்டரில் மெயின் பிரேக்கருக்குள்ளேயே கிரவுண்ட் ஃபால்ட் ட்ரிப் வந்துவிடுகிறது. அந்தப் பிரேக்கருக்குக் கீழிருந்து பம்புக்கு லைன் எடுத்தால், வேறெங்கோ ஒரு ஈரமான விளக்கு லைன் செய்யும் கோளாறில் பம்பும் நிற்கும். ஜெனரேட்டர் பிரேக்கருக்கு முன்னாலிருந்தே பம்புக்கு எடுக்க வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் நான் ஆல்டர்னேட்டர் முனையிலேயே இரண்டு பிரேக்கர்களை இணையாக வைக்கச் சொல்வேன்: ஒன்று பம்புக்கு மட்டும், மற்றது மீதி எல்லாவற்றுக்கும். ஜெனரேட்டர் ஆர்டர் போகும் முன் சொன்னால் சின்ன வேலை. வந்து இறங்கிய பிறகு சொன்னால் பெரிய சண்டை.

ஜனவரி 13

கேள்வி கேட்டவர் இன்னொரு விவரம் கொடுத்திருக்கிறார்: ஜெனரேட்டர் 300 கேவிஏ, கண்ட்ரோலர் ஸ்டார்-டெல்டா, அதாவது மோட்டாரை முதலில் குறைந்த கரண்டில் எழுப்பிப் பிறகு முழு இணைப்புக்கு மாற்றும் வகை.

நல்ல வேளை ஸ்டார்-டெல்டா. நேரடி ஸ்டார்ட்டாக இருந்திருந்தால் 725 ஆம்ப், 460 வோல்ட்டில் ஏறக்குறைய 578 கேவிஏ. ஆல்டர்னேட்டரின் டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் (திடீர் லோடில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்பதற்கான எண்) 0.2 என்று வைத்துக்கொண்டு தோராயமாகப் போட்டால் வோல்டேஜ் 28 சதவீதம் இறங்கும். ஸ்டார்ட் ஆகும்போது கண்ட்ரோலர் முனையில் 15 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்பது 695.7. ஸ்டார் இணைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கும், சுமார் 193 கேவிஏ. அதற்கு 11 சதவீதம் இறங்கும். கேபிளில் போவதையும் சேர்த்தால் எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் தாராளம் இல்லை. உங்கள் ஆல்டர்னேட்டரின் உண்மையான எண்ணைத் தகவல் தாளில் பார்த்துப் போடுங்கள், 0.2 என்பது நான் கையில் எடுத்த எண்.

அதே விநாடியில் வேறு லோடுகளும் ஏறினால் இந்தக் கணக்கு உடையும். பம்ப் எழுவதற்குத் தேவையான திறன், கூடவே ஓடும் மற்ற எல்லாவற்றுக்கும் மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மற்றவற்றைத் தானாகக் கழற்றிவிடும் ஏற்பாடு வேண்டும், அதற்கு அனுமதி உண்டு.

டீசலும் சொல்லிவிடுகிறேன். பம்ப் தன் முழு அளவில் 8 மணி நேரம் ஓடத் தேவையான எண்ணெய் தொட்டியில் இருக்க வேண்டும், மற்ற லோடுகளுக்கான எண்ணெய் போக. ஃபயர் பம்ப் அமைப்பதற்கான அமெரிக்க விதிநூல் என்எஃப்பிஏ 20 சொல்வது இது.

ஜனவரி 13, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. கண்ட்ரோலர் கதவில் ஒரு கைப்பிடி இருக்குமே, எமர்ஜென்சி ரன். எல்லா எலக்ட்ரானிக்ஸும் செத்தாலும் அதை இழுத்துப் பூட்டினால் மோட்டாருக்குச் சப்ளையை இணைக்கும் கான்டாக்டர் கையாலேயே மூடி நிற்கும். அப்போது ஸ்டார்-டெல்டா கிடையாது, நேரடி ஸ்டார்ட். 15 சதவீத எல்லையும் அதற்குப் பொருந்தாது. ஆனால் ஜெனரேட்டரில் அப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று செய்து காட்ட வேண்டும்.

வோல்டேஜ் 72 சதவீதமானால் மோட்டாரின் இழுவிசை வர்க்கத்தில் குறையும், 52 சதவீதம். சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு ஆரம்பத்தில் பெரிய எதிர்ப்பு இல்லை, பெரும்பாலும் எழுந்துவிடும். பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி ஒரு கட்டடத்தை விட்டுவர முடியாது. சோதனை நாளில் ஜெனரேட்டர் ஓடும்போது அந்தக் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். எஞ்சின் முனகும், விளக்குகள் மங்கும், சுற்றி நிற்பவர்கள் உங்களைத் தடுக்கப் பார்ப்பார்கள். செய்யுங்கள்.

ஜனவரி 15

ஆறு நாளாகப் பிரேக்கரையும் கேபிளையும் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம், நான் உட்பட. என் அனுபவத்தில் பம்ப் ஓடாமல் போனது தடித்த கேபிளால் அல்ல. இரண்டு மெல்லிய ஒயர்களால்.

டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் ஜெனரேட்டரை எப்படி எழுப்புகிறது? அதற்குள் ஒரு ரிலே. மெயின் சப்ளை இருக்கும்வரை அதன் கான்டாக்ட் திறந்திருக்கும். சப்ளை போனால் ரிலே விழும், கான்டாக்ட் மூடும், இரண்டு ஒயர் வழியாக ஜெனரேட்டர் பேனலுக்கு "எழுந்திரு" என்று செய்தி போகும். அந்த இரண்டு ஒயர் நடுவில் எங்காவது அறுந்தால் ரிலே விழுந்தும் பயனில்லை. ஜெனரேட்டர் பேனலில் "ஆட்டோ" விளக்கு பச்சையாக எரியும். டிரான்ஸ்ஃபர் சுவிட்சிலும் குறை தெரியாது. எல்லாம் நலமாக இருப்பதுபோலவே இருக்கும்.

ஒரு கட்டடத்தில் ஆண்டுச் சோதனைக்குப் போனேன். பெயர் வேண்டாம். பதிவேடு அப்பழுக்கில்லாமல் இருந்தது. மாதந்தோறும் ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது, எண்ணெய் அழுத்தம், பேட்டரி வோல்டேஜ் எல்லாம் எழுதி, கையெழுத்தும் இருந்தது. பம்பையும் தனியாக வாரந்தோறும் மெயின் சப்ளையில் ஓட்டியிருக்கிறார்கள். நான் பம்பை முழு ஓட்டத்தில் வைத்துவிட்டு மெயின் சப்ளையை நிறுத்தச் சொன்னேன். பம்ப் சுழற்சி குறைந்து நின்றது. ஜெனரேட்டர் அறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றோம். பத்து விநாடி. முப்பது விநாடி. ஒரு நிமிடம். ஒன்றும் இல்லை.

கூரைக்கு மேலே யாரோ வேறு வேலைக்குத் துளைபோட்டபோது ஸ்டார்ட் ஒயர் போன பைப்பைத் துளைத்திருக்கிறார்கள். ஒரு ஒயர் அறுந்திருந்தது. துளையின் விளிம்பில் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் அண்மையில் நடந்ததாகத் தெரியவில்லை. மாதாமாதம் ஜெனரேட்டரை அதன் பேனலிலேயே பட்டனை அழுத்தி ஓட்டியிருக்கிறார்கள். எஞ்சின் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். எஞ்சினை எழுப்பும் வழி இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் தூங்கினார்கள் என்ற எண்ணம் இன்றும் எனக்கு வருகிறது.

ஜனவரி 15, மறுபடி

விதி இதைக் கவனித்திருக்கிறது. 695.14: டிரான்ஸ்ஃபர் சுவிட்சுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையிலான கண்ட்ரோல் ஒயர்கள் வேறெந்த ஒயரோடும் சேரக் கூடாது, தனிப் பாதை. கட்டடத்துக்குள் போனால் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை, அல்லது 2 மணி நேரம் தீ தாங்கும் அமைப்பு. 2017 பதிப்பில் இன்னொன்று சேர்ந்தது: ஸ்டார்ட் சர்க்யூட் அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று எந்நேரமும் கண்காணிக்க வேண்டும், கோளாறு தெரிந்தால் ஒலியும் விளக்கும் வர வேண்டும், ஜெனரேட்டரும் தானாக ஓடத் தொடங்க வேண்டும்.

ஜனவரி 17

"ஸ்டார்ட் கான்டாக்டைத் தலைகீழாக்கிவிட்டால் போதாதா? எப்போதும் மூடியே இருக்கட்டும், திறந்தால் எஞ்சின் ஓடட்டும். அறுந்தாலும் திறந்ததற்குச் சமம்தானே."

நல்ல யோசனை, பாதி வேலையைச் செய்கிறது. இரண்டு வகையிலும் எதில் ஆபத்து என்று பாருங்கள். மூடினால் ஓடும் வகையில், ஒயர்கள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால் எஞ்சின் வீணாக ஓடும், ஆபத்தில்லை. அறுந்தால் ஆபத்து. திறந்தால் ஓடும் வகையில், அறுந்தால் ஓடும். ஷார்ட் ஆனால் ஆபத்து. தீயில் ஒயரின் உறை உருகும்போது முதலில் நடப்பது பெரும்பாலும் ஷார்ட்தான். ஆக, தலைகீழாக்கினால் தீயின் போது வரக்கூடிய கோளாறையே வாசலில் கூப்பிட்டு உட்காரவைத்தது போலாகும்.

சரியான வழி, ஒயரின் கடைசியில் கான்டாக்டுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர். சாதாரண நிலையில் சிறிய கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் அடியோடு நின்றால் அறுந்தது என்று பொருள்: அலாரம் கொடு, எஞ்சினை ஓட்டு. கரண்ட் ஏறினால் கான்டாக்ட் மூடியது அல்லது ஷார்ட் ஆனது. எதுவானாலும் எஞ்சினை ஓட்டு. ரெசிஸ்டரை டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் முனையில் வைக்க வேண்டும். ஜெனரேட்டர் பேனலுக்குள்ளேயே வைத்து மூடிய ஒரு வேலையைப் பார்த்தேன்; அது கண்காணித்தது பேனலுக்குள் இருந்த ஒரு சாண் ஒயரை.

ஜனவரி 18

இதற்குமுன் எழுதியதில் ஒரு திருத்தம். "ஷார்ட் ஆனால் ஆபத்தில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டால் அப்படித்தான். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவ் ஒயர் பைப்பைத் தொட்டால் பேனல் ஃபியூஸ் போகும், ஜெனரேட்டர் ஊமையாகிவிடும். ஸ்டார்ட் சர்க்யூட்டுக்குப் பேனலுக்குள் தனி ஃபியூஸ் இருக்கிறதா, அது போனால் அலாரம் வருகிறதா என்று பாருங்கள்.

ஜனவரி 20

பாதையைப் பற்றிக் கேட்டவருக்கு. மெயின் கேபிளும் ஜெனரேட்டர் கேபிளும் ஒரே ஷாஃப்டில் (கட்டடத்தில் கேபிள் ஏறும் செங்குத்துப் பாதை) ஏறலாமா என்கிறீர்கள். இடம் இல்லை என்பது காரணம்.

ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா, 38 மாடி. 1991 பிப்ரவரி 23 இரவு, 22-ஆம் மாடியில் தீ. முதன்மை மின் கேபிளும் மாற்றுக் கேபிளும் ஒரே இடத்தின் வழியாக ஏறியிருந்தன. தீ இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. எமர்ஜென்சி ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. முழுக் கட்டடமும் இருட்டு. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மாடி மாடியாக ஏறிய தீயைக் கடைசியில் நிறுத்தியவை 30-ஆம் மாடியில் திறந்த 10 ஸ்பிரிங்க்ளர் தலைகள், அவற்றுக்கும் தண்ணீர் கொடுத்தது தெருவில் நின்ற தீயணைப்பு வண்டியின் பம்ப். அந்தச் சம்பவத்தை நான் முதன்முதலில் படித்தபோது, இரண்டு சப்ளை என்று தாளில் எழுதியிருந்தது ஷாஃப்டுக்குள் ஒரே சப்ளையாக இருந்ததே என்றுதான் தோன்றியது. இடம் இல்லையென்றால் இடம் உண்டாக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதைக்கும் தனித்தனி 2 மணி நேரப் பாதுகாப்பு. தீ தாங்கும் தாதுப்பொடி உறையுள்ள மினரல் இன்சுலேட்டட் கேபிள் ஒரு வழி, ஆனால் அதை வளைக்கவும் முடிக்கவும் தெரிந்த கை வேண்டும்.

ஜனவரி 22

டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் பற்றிச் சுருக்கமாக. ஃபயர் பம்புக்கென்றே லிஸ்ட் ஆனதாக, அதாவது சோதித்துச் சான்று பெற்றதாக, இருக்க வேண்டும், ஒரு பம்புக்கு ஒன்று, வேறு எந்த லோடும் அதில் தொங்கக் கூடாது. மோட்டாரின் முழு லோடு கரண்டில் குறைந்தது 115 சதவீதம் தாங்க வேண்டும், லாக்டு ரோட்டர் கரண்டையும் வெட்டி மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். மெயின் பக்கம் எல்லா ஃபேஸையும் பார்க்கும்; ஏதாவது ஒன்று 85 சதவீதத்துக்குக் கீழே போனால் ஜெனரேட்டரை எழுப்பும். மோட்டார் கண்ணில் படும் தூரத்தில் வையுங்கள்.

ஜனவரி 22, மாலை

"மற்ற டிரான்ஸ்ஃபர் சுவிட்சுகளில் செய்வதுபோல நடுவில் ஆஃப் நிலையில் சில விநாடி நிறுத்தி வைக்கலாமே, மோட்டார் ஓய்ந்துவிடுமே" என்று எழுதியவருக்கு: இங்கே கூடாது. ஓடும் மோட்டாரைச் சப்ளையிலிருந்து பிரித்தால் அது கொஞ்ச நேரம் தானே வோல்டேஜ் உண்டாக்கும். அந்த வோல்டேஜ் புது சப்ளையோடு முரண்படும் நிலையில் சேர்த்தால் சாதாரண ஸ்டார்ட்டிங்கைவிடப் பெரிய கரண்ட் அடிக்கும். பிரேக்கர் விழலாம், தண்டு இணைப்பு முறியலாம். அதைத் தடுக்க வேண்டும் என்று என்எஃப்பிஏ 20 சொல்கிறது. அதே மூச்சில், ஃபேஸ் ஒத்துப்போகும்வரை காத்திருக்கும் மானிட்டரையும், நடு ஆஃப் நிலையில் நிறுத்துவதையும் தடைசெய்கிறது. ஒன்று ஒத்துப்போகவே இல்லையென்றால் சுவிட்ச் மாறாது. மற்றது நடுவில் சிக்கினால் பம்புக்கு எந்தச் சப்ளையும் இல்லை. செய்ய வேண்டியது: கண்ட்ரோலர் முதலில் கான்டாக்டரைத் திறந்து மோட்டாரை விடுவிக்கட்டும், சுவிட்ச் மாறட்டும், சில விநாடி கழித்து மோட்டார் புதிதாக ஸ்டார்ட் ஆகட்டும்.

மெயின் சப்ளை செத்து ஜெனரேட்டருக்குப் போகும்போது இந்தத் தொல்லை இல்லை. எஞ்சின் எழுந்து வருவதற்குள் மோட்டார் ஓய்ந்துவிடும். ஜெனரேட்டரிலிருந்து மெயினுக்குத் திரும்பும்போதுதான் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கும். சோதனையில் எல்லோரும் முதல் மாற்றத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். திரும்பும் மாற்றத்துக்கும் காத்திருங்கள், பம்ப் முழு ஓட்டத்தில் இருக்கும்போதே.

ஜனவரி 25

ஃபேஸ் வரிசை, அதாவது மூன்று ஃபேஸும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் முறை. மெயினில் நன்றாக ஓடிய பம்ப் ஜெனரேட்டரில் அழுத்தம் குறைவாகக் கொடுத்தது ஒரு வேலையில். ஜெனரேட்டர் பலவீனம் என்று ஒருவர், எஞ்சின் வேகத்தைக் காக்கும் கவர்னர் சரியில்லை என்று இன்னொருவர். மீட்டரில் 60 ஹெர்ட்ஸ், வோல்டேஜும் சரி. ஃபேஸ் வரிசை மீட்டரை டிரான்ஸ்ஃபர் சுவிட்சின் இரண்டு உள்முனைகளிலும் வைத்தேன். ஜெனரேட்டர் பக்கம் தலைகீழ். சென்ட்ரிஃபியூகல் பம்ப் பின்னோக்கிச் சுழன்றாலும் தண்ணீர் அதே திசையில்தான் வரும், குறைவாக வரும். அதனால்தான் கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லை. எவ்வளவு பேர் இதை ஜெனரேட்டர் கோளாறு என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

மாற்ற வேண்டிய இடம் ஜெனரேட்டர் பக்க முனை. மோட்டார் முனையில் மாற்றினால் மெயின் சப்ளையில் பம்ப் பின்னோக்கி ஓடும்.

ஜனவரி 29

கேள்வி கேட்டவர் சோதனை முடித்து எழுதியிருக்கிறார். 350 அப்படியே நின்றது. பம்ப் முழு ஓட்டத்தில் இருக்க, மெயினை வெட்டியதும் ஜெனரேட்டர் 8 விநாடியில் லோடு எடுத்தது. ஸ்டார்ட்டில் 13 சதவீதம் வோல்டேஜ் இறக்கம். என் தோராயமான 11-ஐவிட அதிகம், ஆனால் எல்லைக்குள். எமர்ஜென்சி ரன் கைப்பிடியில் எஞ்சின் நன்றாகத் திணறி, மோட்டார் எழுந்துவிட்டதாம். ஸ்டார்ட் ஒயர் ஒன்றைக் கழற்றிப் பார்த்ததில் அலாரம் அடித்தது, எஞ்சினும் ஓடியது. படித்து மகிழ்ந்தேன்.

இரண்டு விஷயம் மீதி. மெயினுக்குத் திரும்பிய மாற்றத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, பார்த்தீர்களா? அடுத்து, டிரான்ஸ்ஃபர் சுவிட்சின் ஜெனரேட்டர் பக்க ஐசோலேட்டரைத் திறந்து வைத்து, அலாரம் வருகிறதா என்று பாருங்கள். பராமரிப்புக்குத் திறந்தவர் மூட மறந்துவிட்டால் அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

ஜனவரி 30

பார்க்கவில்லை என்கிறார். சனிக்கிழமை மறுபடி செய்கிறார்களாம். சனிக்கிழமை இரவு எழுதுங்கள்.

பிப்ரவரி 2

திரும்பும் மாற்றத்தில் கண்ட்ரோலர் பிரேக்கர் விழுந்திருக்கிறது. முழு ஓட்டத்தில் இருந்த மோட்டாரை விடுவிக்காமலே சுவிட்ச் மாறியிருக்கிறது. டிரான்ஸ்ஃபர் சுவிட்சும் கண்ட்ரோலரும் தனித்தனிப் பெட்டிகள் என்று இப்போதுதான் சொல்கிறார். அப்படியானால் மாறப்போகிறேன் என்று சுவிட்ச் கண்ட்ரோலருக்குச் சொல்லும் இரண்டு ஒயரைத் தேடுங்கள். வரைபடத்தில் இருக்கும், முனைக்கட்டையில் ஒருவரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 3

கட்டவில்லையாம். பைப்புக்குள் ஒயர் இழுத்துச் சுருட்டி வைத்திருக்கிறது, இரண்டு பக்கமும் டேப் சுற்றி. கட்டிவிட்டு, மறுபடி முழு ஓட்டத்தில் இரண்டு மாற்றத்தையும் செய்யுங்கள். போகும்போதும் வரும்போதும் மோட்டார் நின்று எழுந்ததா என்று ஆம்ப் மீட்டரைப் பார்த்து, விநாடியோடு எழுதிவையுங்கள்.